அன்பன் ஊரில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

"கொச்சிக்கா? அப்படியே குருவாயூரும் போயிட்டு வந்துடுங்க" என்றார் அம்மா தொலைபேசியில். இது கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானின் கோச்சி. ஷிகோக்கு தீவின் தென்கரை, எதிரே பசிபிக் பெருங்கடல். ஒசாகாவில் குடியிருக்கும் எங்களுக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். மகளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நானும் அவளும் மட்டும் கிளம்பினோம்.

காரணம் இரண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் கோச்சியில் 'ஒக்யாக்கு' நடக்கும். ஒக்யாக்கு என்றால் விருந்தாளி என்று பொருள். ஆனால் அந்த ஊர்ப் பேச்சில் விருந்துக்கே அதுதான் பெயர். வீட்டுக்குள் நடக்கிற விருந்தைக் கடைத்தெருவுக்கே கொண்டுவந்து, பாய் விரித்து, ஊரையே உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது காரணம் மகளின் ஓவிய நோட்டு. ஒன்பது வயதாகிறது. ஒரு வருடமாக சூப்பர் ஹீரோக்களாகவே வரைந்து தள்ளுகிறாள். எல்லோரும் யாரையாவது அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். சோறு போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு ஹீரோவின் ஊரை அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

அந்த ஹீரோவின் பெயர் அன்பான்மான். 'அன்பான்' என்பது இனிப்புப் பயறு விழுது வைத்த பன். 1874-ல் தோக்கியோவின் கின்சா பகுதியில் இருந்த கிமுராயா என்ற கடை அதைச் செய்தது. அந்தப் பன்னையே தலையாகக் கொண்டவன் இந்த ஹீரோ. பசித்தவரைக் கண்டால் தன் முகத்தைப் பிய்த்துக் கொடுப்பான். மகள் குழந்தைகள் காப்பகத்தில் கற்றுவந்த முதல் ஜப்பானியச் சொல் அதுதான். ஊரில் அப்பா அதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "அன்பன், அன்பன்னு பிள்ளை யாரைச் சொல்றா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் அன்பன்தான்.

ஒகாயாமாவில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி 'நான்பு' விரைவு ரயிலில் ஏறினோம். பெட்டி முழுக்க அன்பன் கூட்டத்தின் படங்கள். "நான் ஒன்னும் சின்னப் பிள்ளை இல்லம்மா" என்று சொன்னவள், சற்று நேரத்தில் கூரையில் இருந்த படங்களை எண்ண ஆரம்பித்தாள். செத்தோ பெரும்பாலத்தின் மேல்தட்டில் கார்கள் போக, கீழ்த்தட்டில் நாங்கள் கடலைக் கடந்தோம். பாலம் திறந்தது 1988-ல். அன்பன் தொலைக்காட்சிக்கு வந்ததும் அதே ஆண்டுதான். பிறகு மலைகள், ஓபோக்கே பள்ளத்தாக்கின் பச்சை ஆறு, சுரங்கம் மேல் சுரங்கம்.

இரவுச் சாப்பாடு ஹிரோமே சந்தையில். அங்கே ஒரு கடையில் வைக்கோலைக் கொளுத்தி அதன் தீயில் சூரை மீனை வாட்டுகிறார்கள். ஒரு கை வைக்கோல் போட்டதும் ஆள் உயரத்துக்குத் தீ எழும்புகிறது. மீனின் வெளிப்புறம் வெளுக்கிறது, உள்ளே இரத்தச் சிவப்பு அப்படியே இருக்கிறது. தடித் துண்டாக வெட்டி, உப்பும் பச்சைப் பூண்டுச் சீவலும் வைத்துத் தருகிறார்கள். அந்த வைக்கோல் புகை வாசம் எனக்கு எங்கள் ஊர்க் களத்துமேட்டை நினைவூட்டியது.

இரண்டாம் நாள், வெள்ளி

தோசா யாமாதா நிலையத்திலிருந்து பேருந்து. மோனோபே ஆற்றை ஒட்டி அரை மணிக்கும் குறைவான பயணம். மலைகளுக்கு நடுவே கஹோகு என்ற சிற்றூர். இப்போது அது காமி நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அன்பனைப் படைத்த யானாசே தகாஷியின் தந்தை வழி ஊர் இதுதான். இங்கேதான் 1996-ல் அன்பான்மான் அருங்காட்சியகத்தைக் கட்டினார்கள். இவ்வளவு பேர் தேடி வரும் இடத்தைப் பெரிய நகரம் எதிலும் வைக்காமல் இந்த வயல்வெளியில் வைத்தார்களே என்று, பேருந்தை விட்டு இறங்கியதும் மனம் குளிர்ந்தது.

யானாசேயின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிறந்தது 1919. ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டு போனார். கோமென் என்ற ஊரில் மருத்துவராக இருந்த பெரியப்பா வீட்டில் வளர்ந்தார். 1941-ல் படையில் சேர்த்தார்கள், பிறகு சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பட்ட பெரிய துன்பம் குண்டு இல்லை, பசி. காட்டுப் புல்லைப் பறித்துத் தின்றிருக்கிறார். கடற்படைக்குப் போன ஒரே தம்பி சிஹிரோ 1944-ல் கடலிலேயே இறந்துபோனார்.

போர் முடிந்ததும் நேற்றுவரை நியாயம் என்று சொல்லப்பட்டதெல்லாம் ஒரே நாளில் அநியாயம் ஆனது. எந்த நாட்டுக்குப் போனாலும், எந்தக் காலத்திலும் புரட்டிப் போட முடியாத நியாயம் ஏதாவது உண்டா என்று அவர் தேடினார். பசித்தவனுக்கு ஒரு வாய் கொடுப்பது மட்டும்தான் அவர் கைக்கு மிஞ்சியது. அன்பன் பிறந்தது அந்த இடத்தில்தான்.

உடனே பிறக்கவும் இல்லை. 1969-ல் ஒரு பத்திரிகைக் கதையில் அவன் பன் கொண்டுபோய்க் கொடுக்கும் குண்டு மனிதன், அவ்வளவுதான். 1973-ல் படப்புத்தகமாக வந்தபோதுதான் தலை பன் ஆனது. அந்த முதல் அன்பனுக்குப் பளபளக்கும் மேலங்கி கிடையாது. தீய்ந்து, கிழிந்து, பழுப்பேறிய ஒரு துணி. பாலைவனத்தில் பட்டினி கிடந்தவனுக்குப் பாதி முகத்தையும் காட்டில் வழி தவறிய சிறுவனுக்கு மீதியையும் கொடுத்துவிட்டுத் தலையே இல்லாமல் பறக்கிறான். பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் தின்னக் கொடுப்பதா, கொடூரம் என்றார்கள். குழந்தைகள்தான் விடாமல் கேட்டுக் கேட்டு அவனை வாழவைத்தார்கள். தொலைக்காட்சித் தொடர் வந்தபோது யானாசேவுக்கு 69 வயது. 2009-ல் ஒரே தொடரில் 1,768 பாத்திரங்கள் என்று கின்னஸ் பதிவு செய்தது. அவர்களில் பலர் தின்பண்டங்கள்.

உள்ளே அவர் கையால் வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. முகம் குறைந்து பறக்கும் அன்பனைப் பார்த்தபடி மகள் வெகுநேரம் நின்றாள்.

"வலிக்காதாம்மா அவனுக்கு?"

"வலிக்குதோ என்னவோ, பலம் குறையும். அப்புறம் ஜாம் தாத்தா புது முகம் சுட்டுக் கொடுப்பாரு, இல்ல?"

"அப்போ ஜாம் தாத்தாதான் நிஜ ஹீரோ."

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. கொஞ்ச தூரத்தில், பழைய வீடு இருந்த இடத்தைப் பூங்காவாக்கி அங்கேயே யானாசேவைப் புதைத்திருக்கிறார்கள். 2013-ல் 94 வயதில் மறைந்தவர். கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாம் நாள், சனி

காலையில் கோமெனிலிருந்து நஹாரி போகும் சிறு ரயிலில் சும்மா ஒரு சுற்று. 2002-ல் திறந்த தடம். மொத்தம் 20 நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் யானாசே ஒரு பாத்திரம் வரைந்து கொடுத்திருக்கிறார். யோஷிகாவா நிலையத்துக்கு விலாங்கு மீன் பையன், அக்காவோகா நிலையத்துக்கு அந்த ஊரில் வாழ்ந்த பழைய ஓவியர். கடல் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிலையம் வரும்போதெல்லாம் எழுந்து பொம்மையைத் தேடினோம். மதியத்துக்குள் கோச்சிக்குத் திரும்பிவிட்டோம்.

இனி ஒக்யாக்கு.

கூரை போட்ட ஓபியாமாச்சி கடைத்தெருவில், மற்ற நாளில் சைக்கிள்கள் போகும் தரையில், பாய்களும் தாழ்ந்த மேசைகளும் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தெரு நடுவில் சம்மணம் போட்டு உட்காருவது எங்களுக்குப் பழகிய சுகம். கல்யாணப் பந்தி போலவே இருந்தது. இடம் எங்கே காலியோ அங்கே உட்கார வேண்டியதுதான். எங்கள் மேசையில் சூரை மீன் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, உயர்நிலைப் பள்ளி மங்கா (ஜப்பானியப் படக்கதை) கழகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள், நான்கு வயது மகனோடு ஓர் அம்மா.

நடுவில் சவாச்சித் தட்டு. வீட்டு வட்டத் தாம்பாளம் அளவுக்குப் பெரிய பீங்கான் தட்டு. அதில் வாட்டிய சூரை, தலையோடு சோறு அடைத்த கானாங்கெளுத்தி, மூங்கில் குருத்தும் காளானும் வைத்த மலைநாட்டு சுஷி, வறுவல், இனிப்பு, பழம் எல்லாம் ஒன்றாக அடுக்கியிருந்தது. இனிப்பையும் மீனையும் ஏன் ஒரே தட்டில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே தட்டில் வைத்துவிட்டால், சமைத்த பெண்கள் அடுக்களைக்கும் கூடத்துக்கும் அலையாமல் விருந்தில் சேர்ந்து உட்காரலாம் என்று அந்த அம்மா சொன்னார். எத்தனை பந்திகளில் எங்கள் அத்தைகள் கடைசியாக, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள்! அந்தத் தட்டின் மேல் எனக்கு அந்த நிமிடமே மரியாதை வந்துவிட்டது.

பெரியவர்களுக்கு பெக்குஹாய் விளையாட்டு நடந்தது. பம்பரம் சுற்றி யார் பக்கம் சாய்கிறதோ அவர் குடிக்க வேண்டும். கிண்ணங்கள் முகமூடி வடிவில் இருக்கும். தெங்கு பூதத்தின் கிண்ணத்துக்கு நீள மூக்கு, அதனால் காலி செய்யாமல் கீழே வைக்கவே முடியாது. பிள்ளைகளுக்கு அதே கிண்ணத்தில் தேநீர்.

மகள் நோட்டை எடுத்தாள். தட்டைத் தலையாக வைத்து ஓர் ஆளை வரைந்தாள். எதிரே இருந்த மங்கா பெண் எட்டிப் பார்த்து, "இது யார்?" என்றாள்.

"சவாச்சி-மான்."

அவ்வளவுதான், மேசையே பற்றிக்கொண்டது. மங்கா பெண்கள் தூரிகைப் பேனாவையும் ஒரு பெரிய தாளையும் எடுத்தார்கள். எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் சின்னப் புத்தகம் ஆகிவிடும் என்று செய்து காட்டினார்கள். இந்த ஊரில் 1992 முதல் ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான மங்கா போட்டி நடக்கிறது. கொடுத்த தலைப்புக்குக் குழுவாக அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, வேலையைப் பிரிப்பதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். ஒருத்தி கட்டம் போட்டாள், ஒருத்தி பென்சில் கோடு இழுத்தாள், மையிட எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

கதை இப்படி வளர்ந்தது. புயலில் பாதை அறுந்து ஒரு கடற்கரை ஊர் பட்டினி கிடக்கிறது. சவாச்சி-மான் வந்து தலையில் இருப்பதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறான். கொடுக்கக் கொடுக்கத் தட்டு காலியாகிறது, அவன் விழுந்துவிடுகிறான். அந்த இடத்தில் மகள் தமிழில் 'தொபுக்கடீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மங்கா பெண்கள் அந்த எழுத்துகளின் வளைவைப் பார்த்து மயங்கிப்போய், விழும் தூசியையே எழுத்தின் மேல் படிய வரைந்தார்கள்.

வில்லன் யார் என்பதில் சண்டை. நான்கு வயதுப் பையனுக்கு அன்பன் கதையின் கிருமி வில்லன்தான் வேண்டும். பசியே வில்லனாக இருக்கட்டும், ஆள் எதற்கு என்றார் தாத்தா. பசியை எப்படி வரைவது? அப்போதுதான் நான் மகளிடம் மணிமேகலையை நினைவுபடுத்தினேன். எவ்வளவு தின்றாலும் அடங்காத காயசண்டிகையின் பசிக்கு யானைத்தீ என்று பெயர் இல்லையா?

"யானைத்தீ!" என்று துள்ளினாள். இரண்டு நிமிடத்தில் தாளில் ஒரு யானை. உடம்பெல்லாம் தீ, தும்பிக்கை நுனியில் புகை. பையன் கிருமியை மறந்துவிட்டான்.

அந்த யானையை எப்படி அடக்குவது? தாத்தா தன் பங்குக் கட்டத்தைக் கேட்டு வாங்கினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். பேனா அதில் தீக்குச்சி மாதிரி இருந்தது. முதலில் ஓர் அலை போட்டார். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஏறி, முனையில் கொஞ்சம் நின்று, சுருண்டு இறங்கிய அலை. மங்கா பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அலைக்குப் பின்னால் படகு. படகில் யானை. யானையின் தீயில் வரிசையாகச் சூரை மீன்கள் வாடிக்கொண்டிருந்தன. ஊரே சாப்பிடுகிறது, யானைக்கும் ஒரு பங்கு. பசி அடங்க அடங்கத் தீ சிறிதாகி, கடைசியில் ஒரு வைக்கோல் கட்டு எரியும் அளவுக்கு நிற்கிறது. அழிக்க வேண்டியதில்லை, அடுப்புக்கு ஆகும் என்றார் தாத்தா.

மகள் அமுதசுரபியையும் கொண்டுவந்தாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தோடு ஒரு பெண் தோழி. இதற்கு மட்டும் தாத்தா தலையை ஆட்டினார். குறையாத பாத்திரம் இருந்தால் யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாமே, அப்புறம் ஒக்யாக்கு எதற்கு என்றார். நியாயமான கேள்வி. நான் சொல்லச் சொல்ல மகள் ஜப்பானிய மொழியில் விளக்கினாள். அமுதசுரபி வெறுமனே சுரக்காது. முதல் பிச்சையை ஆதிரை என்ற நல்ல பெண் இட்ட பிறகுதான் சுரந்தது. அதற்கு முன் அது ஆபுத்திரன் கையில் இருந்தபோது, மழை பெய்து நாடு செழித்துப் பசித்தவரே இல்லாமல் போக, அதற்கு வேலையில்லாமலும் இருந்தது. தாத்தா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முழுவதையும் கேட்டார்.

"முதல்ல யாராவது போடணும். அப்படியானா சரி" என்றார்.

அந்தப் பேச்சிலிருந்துதான் கடைசிப் பக்கம் வந்தது. விழுந்து கிடக்கும் சவாச்சி-மானை ஊர் சுற்றி நிற்கிறது. அவன் தலைத் தட்டு காலி. அதைக் காலியாகவே விட்டுவிடலாம், புத்தகம் யார் கைக்குப் போகிறதோ அவர் ஒன்று வரைந்து வைக்கட்டும் என்று மங்கா பெண் சொன்னாள். மேசையே கைதட்டியது.

நான்காம் நாள், ஞாயிறு, ரயிலில்

காலை ஏழு மணிக்கே கடையொன்றில் ஜெராக்ஸ். பெரிய தாள் ஒன்று பத்து யென். முப்பது பிரதி எடுத்து, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து மடித்து வெட்டினோம்.

பிறகு ஞாயிறு சந்தை. 1690-ல் தொடங்கிய சந்தை இது. கோட்டை வாசலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு, நடுச்சாலையில் வரிசையாகக் கடைகள். இஞ்சி, பம்ப்ளிமாஸ் பழம், கத்தி, நாற்று, ஊறுகாய், அரிவாள் என்று ஊரின் எல்லாமே அங்கே இருக்கிறது. சர்க்கரைவள்ளி பஜ்ஜி போடும் கடையில் வரிசை நீளமாக நின்றது. மகள் அங்கேதான் முதல் புத்தகத்தைக் கொடுத்தாள். பஜ்ஜி போட்ட அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, யானை வந்ததும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பில் போடும் பேனாவால் காலித் தட்டில் ஒரு பஜ்ஜி வரைந்தார். எண்ணெய் விரல் பட்டு அந்தப் பஜ்ஜி பளபளத்தது. மகள் அந்தப் பிரதியைத் திருப்பி வாங்கி அடுத்த கடைக்கு நடந்தாள்.

அங்கே இஞ்சி. அடுத்து கத்தரிக்காய். கத்திக் கடைத் தாத்தா, தன்னிடம் தின்ன ஒன்றும் இல்லை என்று வருந்தி, வெட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு கத்தி வரைந்தார். ஒரு பாட்டி கண்ணாடி கொண்டுவரவில்லை என்பதால் மகளையே வரையச் சொல்லி, பேனா பிடித்த அவள் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். புதிய புத்தகங்களை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, எல்லோரும் வரைந்த அந்த ஒன்றை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். படகுத் தாத்தாவுக்கான பிரதியை மங்கா பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர் வீடு அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ரயில் ஓபோக்கேயைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. எதிர் மேசையில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள்.

"நீ இன்னும் ஒன்னும் வைக்கலையே கண்ணு?"

"ஆதிரை முதல்ல என்ன போட்டாங்கம்மா?"

"சோறாத்தான் இருக்கும்."

வெள்ளைத் தாளில் வெள்ளைச் சோற்றை எப்படி வரைவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு, பஜ்ஜிக்கும் இஞ்சிக்கும் நடுவில் இருந்த இடத்தில், பருக்கை பருக்கையாக வைக்க ஆரம்பித்தாள். ரயில் ஆடும்போது நிறுத்தி, ஆட்டம் நின்றதும் அடுத்த பருக்கை. பாலம் வருவதற்குள் ஒரு பிடி சேர்ந்திருந்தது.